வாசல்மட்டும் வந்தவன்

அருமைராசா மன்னாரில் பிறந்தவர். அகதியாக மொன்றியலுக்கு வந்து, வார நாட்களில் துறைமுகப் பக்கத்துப் பண்டகசாலையில் பெட்டி இறக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசைக்கு ஓர்கன் வாசித்தார். பாட்டும் கட்டுவார். அந்தக் கோயில் பங்கில் அவர் மெட்டைப் பாடாத வீடு இல்லை.

அவர் நகரின் வில்லரேப் பகுதியில் லூக் என்ற மனிதரோடு ஒரே வீட்டில் வாழ்கிறார், அந்த வாழ்க்கை கணவன் மனைவி வாழ்க்கை மாதிரித்தான் என்ற கதை பரவியபோது யாரும் அவரைத் திட்டவில்லை. போகவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு ஓர்கனுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

இரண்டாயிரத்து ஒன்றில், ஆண்களை நேசிக்கும் ஆண்களின் பாடகர் குழு ஒன்று இயக்குநர் இல்லாமல் நின்றது. லூக்தான் அவரை இழுத்துக்கொண்டு போனார். தாதி, பஸ் சாரதி, பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் பிரெஞ்சு பேசும் கெபெக் ஆட்கள். ஞாயிறு பின்னேரங்களில் வில்லரேயில் ஒரு பழைய கத்தோலிக்கக் கோயிலின் பக்கத்து மண்டபத்தில் ஒத்திகை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எயிட்ஸ் நோயில் செத்துப்போன தங்கள் ஆட்களுக்காக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அருமைராசா மன்னாரில் பெண்கள் தவக்காலத்தில் அழுது பாடுகிற ஒரு மெட்டை எடுத்து, ஆண்குரலுக்கு ஏற்ப விரித்து, தமிழிலேயே சொற்கள் எழுதினார். 'வழி தெரியாமல் நிற்கிறேன், விளக்கைத் தா' என்று அது தொடங்கும். குழு ஆட்கள் எவ்வளவு முயன்றும் 'வழி' அவர்கள் வாயில் 'வரி' என்றுதான் வந்தது.

அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மண்டபத்து வாசலில் ஒருவன் வந்து நிற்கத் தொடங்கினான். கோட்டுகள் மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில், குளிர்த்தொப்பியைக் கழற்றாமல் நிற்பான். தமிழ்ப் பெடியன் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அருமைராசா இடைவேளையில் போய்க் கதைத்தார்.

"உள்ள வாருமன் தம்பி."

"இல்லை அண்ணை. நான் சும்மா கேட்டுட்டுப் போறன். ஆரும் கண்டால் கதை வந்திடும்."

"பாடுவீரோ?"

அவன் சிரித்தான். "உங்கட ஆக்கள் 'வழி'யைப் பிழையாச் சொல்லுகினம்," என்று மட்டும் சொன்னான். பெயர் அன்டன், தானும் மன்னார்தான், அக்காவோடு நகர ஓரத்துப் பியர்பொன்ட்ஸில் இருக்கிறான் என்பதை மெல்ல மெல்லச் சொன்னான். பல ஞாயிறு வந்தான். ஒருநாளும் வாசலைத் தாண்டவில்லை.

முதல் பனி கொட்டிய வாரம் அருமைராசாவின் தங்கச்சி றோஸ்மேரி போன் எடுத்தாள். "அண்ணை, எங்கட பக்கத்தில ஒரு பெடியன் ஆத்துக்குள்ள விழுந்து செத்துப்போச்சு. அக்னெசின்ர தம்பி அன்டன். சறுக்கினது எண்டு சொல்லுகினம்."

அருமைராசா செத்தவீட்டுக்குப் போனார். பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தார். அக்னெஸ் அவர் கையைப் பிடித்து, "உங்களுக்கு இவனைத் தெரியுமோ?" என்று கேட்டாள். அன்டன் ஒளித்து வைத்திருந்ததைத் தான் எப்படித் திறப்பது என்று அவருக்குப் புரியவில்லை. "கண்டிருக்கிறன்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

தவக்காலம் தொடங்கி முதல் ஒத்திகை. முதல் வரியைப் பாடியவுடன் அருமைராசாவின் கை அந்தரத்தில் நின்றது. யாரோ 'வழி' என்று சுத்தமாகச் சொல்லியிருந்தார்கள். அடிக்குரல். வலிமையில்லை, ஆனால் கடைசிவரை இழுத்துப் பாடுகிற குரல்.

"ஆர் அது? நல்லாச் சொன்னீர்கள்," என்று பிரெஞ்சில் கேட்டார். கடைசி வரிசை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவன் என்றுதான் நினைத்திருந்தார்கள். திரும்பப் பாடச் சொன்னார். திரும்பவும் வந்தது. இந்த முறை பஸ் சாரதி பாடுவதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். அங்கே கோட்டுகள் மட்டும் தொங்கின. அவற்றில் ஒன்று, காற்றே இல்லாமல், மெல்ல ஆடி நின்றது.

அடுத்த கிழமை லூக் ஒத்திகையை ஒலிநாடாவில் பதிந்தார். வீட்டுச் சமையலறையில் போட்டுக் கேட்டார்கள். குரல் இருந்தது. மற்றவர்களின் குரல் எல்லாம் தூரத்தில். இது மட்டும் மைக்குக்குள் வாயை வைத்துப் பாடினதுபோல் கிட்டத்தில். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு இழுப்பதும் கேட்டது. தண்ணீருக்கு மேலே வந்தவன் இழுக்கிற மூச்சு. லூக் எழுந்து அதை நிறுத்தினார்.

"யார் என்று உனக்குத் தெரியும்," என்றார்.

"ஓம்."

அருமைராசா அன்டனின் சாவைக் குழுவுக்கும் சொன்னார். இரண்டு பேர் விலகினார்கள். மிச்சப் பேர் நின்றார்கள். செத்தவர்களுக்காகப் பாடுகிற பாட்டை ஒரு செத்தவன் வந்து பாடினால், அவனைப் போ என்று எப்படிச் சொல்வது என்று தாதி கேட்டார். அதற்குப் பிறகு ஒத்திகை வழமைபோல் நடந்தது.

கச்சேரிக்கு அருமைராசா அக்னெசைக் கூப்பிட்டார். காரணம் சொல்லவில்லை. அவள் றோஸ்மேரியோடு வந்து நடுவில் இருந்தாள். கச்சேரி பெரிய கோயிலுக்குள் நடந்தது. இங்கே கோட்டுக் கம்பி இல்லை, வாசலும் தூரம். குரல் வராது என்று அருமைராசா நினைத்தார். முதல் வரி தொடங்கியது. அந்த அடிக்குரல் மேடையிலிருந்து வரவில்லை. சனத்துக்குள்ளிருந்து, அக்னெஸ் இருந்த நீட்டு மர வாங்கிலிருந்து வந்தது. அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்குமளவு இடம் காலியாக இருந்தது. அவள் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தபடியே பாட்டு முடியும்வரை இருந்தாள்.

சனம் கலைந்த பிறகும் அவள் எழும்பவில்லை. அருமைராசா போய் முன்வாங்கில் இருந்தார்.

"சின்னனில கோயில்ல பாடினவன்," என்றாள். "இஞ்ச வந்தாப்பிறகு வாயே திறக்கேல்லை. அண்ணை, அவன் உங்களிட்ட வாறவனோ?"

"வந்தவன். வாசல்மட்டும்."

"ஏன் உள்ள வரேல்லை?"

"பயம், தங்கச்சி."

"எனக்குப் பயந்தோ?"

"எல்லாருக்கும் பயந்து."

அவள் காலி இடத்தில் கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். பலகை ஈரமாக இருந்தது.

அன்றோடு அது அடங்கிப்போயிற்று என்று சொல்லத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. எந்தப் பாட்டானாலும் குரல் வந்தது. அக்னெசும் வந்தாள். பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ் மாறி மாறி, ஞாயிறு தவறாமல் வந்து கதவோரம் ஒரு கதிரையில் இருப்பாள். குழு ஆட்கள் "பொன்ஜூர், அக்னெஸ்" என்பார்கள். அவளுக்கு அதற்கு மேல் பிரெஞ்சு தெரியாது, அவர்களும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஒருநாள் பாட்டு முடிந்து எல்லாரும் வாயை மூடிய பிறகும் குரல் நிற்கவில்லை. யாரும் கட்டாத ஒரு மெட்டைத் தனியே தொடர்ந்தது. அருமைராசா கையில் கிடைத்த தாளில் சுரங்களைக் குறித்தார். பல கிழமை அப்படியே குறித்து, குழுவுக்குப் படிப்பித்து, வசந்தத்தில் மேடையேற்றினார். தான் கட்டின எல்லாவற்றையும்விட அது நல்ல பாட்டு என்று லூக்கிடம் ஒத்துக்கொண்டார். நிகழ்ச்சித் தாளில் தன் பெயரைப் போட விடவில்லை. 'இசை: அன்டன்' என்று அச்சடித்தார்கள்.

அந்தத் தாள் எப்படியோ தமிழ்ப் பங்குக்கும் போய்ச் சேர்ந்தது. பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு மனுசி அக்னெசை மறித்து, "உவங்கட பாட்டை எழுதின அன்டன் ஆரப்பா? எங்கட ஆளோ?" என்று கேட்டாள்.

"என்ர தம்பி," என்றாள் அக்னெஸ். "அங்கதான் பாடுறான்."