லீமாரோஸ் எழுதாத டைரி

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனி மேனேஜராக இருந்த வேதநாயகத்துக்கு ஓய்வுபெற்ற பிறகு ஒரு பெரிய குறை வந்து சேர்ந்தது. அதட்டுவதற்கு ஆளில்லை. ஐஸ் இறக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள், டோக்கன் இல்லாமல் வந்து நிற்கும் படகுக்காரர்கள் என்று காலையிலிருந்து அதட்டிப் பழகிய குரல் அது. மகன் ஜோஸ்வின் மஸ்கட்டில் இருந்தான். மனைவி லீமாரோஸ் விடியும்போதே பாம்பனுக்குப் போய் மீன் எடுத்து வந்து, கடற்கரையில் காயப்போட்டுக் கருவாடாக்கி விற்கிறவள். அவளை அதட்ட வேண்டுமென்றால் முதலில் அவள் வீட்டில் இருக்க வேண்டும். மிச்சம் இருந்தது முற்றத்துக்கு வரும் ஒரு சேவல். அதுவும் பக்கத்து வீட்டு ஜெயபாலுடையது.

அக்டோபர் மாதம் கோயிலில் தியானம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த குருவானவர், தினமும் சாயங்காலம் டைரி எழுதச் சொன்னார். ஆனால் தன் கண்ணால் பார்த்து எழுதக் கூடாது. கூட வாழ்கிற ஒருவருடைய கண்ணால் தன்னைப் பார்த்து, அவரே எழுதுவதுபோல எழுத வேண்டும். அப்போதுதான் நம்முடைய குற்றங்குறை நமக்குத் தெரியவரும் என்றார்.

வேதநாயகத்துக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. தன்னைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த யாராவது தானாகவே இருக்கலாம் என்பது அவருக்கு அதுவரை தோன்றியதில்லை. ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போய் கெட்டி அட்டை போட்ட டைரி ஒன்றும், அதற்குத் தகுந்த பேனாவும் வாங்கி வந்தார். யாருடைய கண் என்பதில் குழப்பமே இல்லை. லீமாரோஸ் தன்னை எப்படிப் பார்க்கிறாள் என்று அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாள் இப்படி எழுதினார்: 'இன்று என் கணவர் எழுந்து வந்தபோது வீட்டுக்கே ஒரு களை வந்தது. குழம்பில் உப்பு கூடிவிட்டது. அதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.'

மறுநாள்: 'தண்ணீர்க் குடத்தோடு நான் வந்தபோது கதவைத் திறந்துவிட்டார். பெண்களை மதிக்கத் தெரிந்த மனிதர்.'

நவம்பரில் ஒரு நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. லீமாரோஸ் அப்போது சந்தையில் இருந்தாள். கடற்கரையில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அன்றைய பக்கத்தில் வேதநாயகம் எழுதினார்: 'மழை வருவதை ஜன்னல் வழியாக முதலில் பார்த்தவர் என் கணவர்தான். உடனே எனக்குப் போன் செய்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஜெயபாலின் மனைவி பிரெசில்லா அதற்குள் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாள். ஆபத்து நேரத்தில் பதறாத ஒருவர் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம்.'

குற்றங்குறையையும் அவர் மறக்கவில்லை. தியானத்தின் நோக்கமே அதுதானே. ரொம்பவும் யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார்: 'இவரிடம் ஒரு குறை உண்டு. தன் பெருமையைத் தானே சொல்லத் தெரியாதவர்.' எழுதி முடித்தபோது அவர் கண் லேசாகக் கலங்கியது. கடைசி வரியாக, 'இப்படிப்பட்டவருக்கு நான் தகுதியானவள்தானா?' என்றும் சேர்த்துக்கொண்டார்.

டிசம்பர் தொடக்கத்தில் டைரியைக் கொண்டுபோய்ப் பங்குச்சாமியாரிடம் வாசிக்கக் கொடுத்தார். சாமியார் அந்தப் பங்குக்குப் புதிது. தியானத்தின்போது அவர் வந்து சேர்ந்திருக்கவில்லை. 'என் கணவர்', 'என் கணவர்' என்று பக்கம் பக்கமாக இருப்பதைப் பார்த்து, கருவாட்டு வேலைக்கு நடுவில் ஒரு பெண் இவ்வளவு எழுதியிருக்கிறாளே என்று அசந்துபோனார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கிறிஸ்துமஸ் முடிந்து வரும் திருக்குடும்பத் திருநாளன்று லீமாரோஸ் தன்னுடைய டைரியைத் தானே வாசிப்பார் என்று மைக்கில் அறிவித்துவிட்டார்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த லீமாரோஸ் தன் பெயரைக் கேட்டு நிமிர்ந்தாள். மகளிர் குழுவில் கையெழுத்துப் போட்டதைத் தவிர, சமீபத்தில் எதையும் எழுதியதாக அவளுக்கு நினைவில்லை. ஆண்கள் பக்கம் வேதநாயகம் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், தன்னைத் தானே புகழ்ந்து எழுதிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் பெருமையைத் தானே சொல்லத் தெரியாத மனிதர் அந்தக் காரியத்தைச் செய்வதற்கில்லை.

சாமியார் திருப்பிக் கொடுத்த டைரியோடு வீட்டுக்கு வந்து, அது ஓர் ஆன்மிகப் பயிற்சி என்று அவளிடம் விளக்கினார். லீமாரோஸ் டைரியை வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். நடுவில் ஒருமுறை எழுந்து சோற்றை வடித்துவிட்டு வந்து தொடர்ந்தாள். முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கையெழுத்து நல்லாருக்கு," என்றாள்.

காய்ச்சல் என்று சொல்லி அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று அவர் கேட்டார். சாமியாரே சொல்லிவிட்டார், வாசிக்காமல் எப்படி என்றாள் அவள். இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தவருக்கு, மெல்ல மெல்ல அந்த எண்ணமே பிடித்துப்போனது. ஊர் கூடியிருக்கும் சபையில், கட்டிய மனைவியின் வாயாலேயே இதெல்லாம் வரப்போகிறது. அவர் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும், 'தகுதியானவள்தானா' என்ற இடத்தில் குரல் எவ்வளவு தழுதழுக்க வேண்டும் என்று அவள் மீன் கழுவும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். அவளும் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள்.

திருநாளன்று கோயில் வளாகத்துப் பந்தலில் நல்ல கூட்டம். லீமாரோஸ் மேடையேறி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏலத்தில் மீன் பேர் சொல்கிற குரலில் வாசித்தாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வீட்டுக்குக் களை வந்தது என்ற இடத்தில் கூட்டம் அமைதியாக இருந்தது. உப்பைப் பற்றி ஒரே ஒரு முறைதான் சொன்னார் என்றபோது, பெண்கள் பக்கம் யாரோ புரையேறியதுபோல இருமினார்கள். கதவைத் திறந்துவிட்டார் என்றபோது இருமல் பரவியது. மழை நாள் பக்கத்துக்கு வந்ததும் பிரெசில்லாவால் அடக்க முடியவில்லை. அன்றைக்குத் தார்ப்பாயை இழுத்து மூடியவள் அவள். அந்த நேரம் ஜன்னலில் போனோடு நின்றவரைக் கடற்கரையிலிருந்து கண்ணால் பார்த்தவளும் அவள்தான். அவள் சிரித்த சிரிப்பில் பந்தலே சிரித்தது. சாமியார் நிகழ்ச்சி நிரல் தாளால் வாயை மறைத்துக்கொண்டார்.

லீமாரோஸ் ஓர் எழுத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கடைசியில் 'இப்படிப்பட்டவருக்கு நான்' என்ற இடத்தில் வரி தப்பி, விரலை வைத்துத் தேடினாள். அந்த இடைவெளியில் பிரெசில்லா, "போதும் லீமாக்கா, எறங்கி வாங்க, நீங்க பாவம்," என்றாள். ஆனாலும் அவள் வரியைக் கண்டுபிடித்து முழுவதும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினாள். அவளுக்குப் பரிசாக ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள்.

வேதநாயகம் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். ஜெயபால் ஆறுதல் சொல்ல வந்தான்.

"எழுத்து நல்லாத்தான்ணே இருந்துச்சு. வாசிச்ச ஆளு சரியில்ல."

வீட்டுக்கு வந்ததும், தன்மேல் கோபம் இருந்தால் வீட்டிலேயே சொல்லியிருக்கலாம் என்றார். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர் எழுதியதைத்தானே வாசித்தேன் என்றாள். கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, யோசித்து ஒன்று சொன்னாள்.

"ஒண்ணு மட்டும் சரியா வரலைங்க. அதுல நான் பொழுதன்னைக்கும் ஒங்களயே நெனச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு எங்கன இருக்கு அதுக்கு நேரம்?"

பந்தலில் சிரித்ததைவிட இது அவரை அதிகமாகக் குத்தியது. இத்தனை வருஷத்தில் அவள் தன்னைப் பற்றி நல்லதாக நினைப்பாள், கெட்டதாக நினைப்பாள் என்று மாறி மாறி எண்ணியிருக்கிறார். நினைக்கவே மாட்டாள் என்ற மூன்றாவது வழி இருப்பது தெரியாது. பொங்கல் வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அதை அவள் கவனிக்கவில்லை. வாடைக்காற்றில் மண் பறந்து கருவாட்டில் ஒட்டுகிற நாட்கள் அவை.

பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, அவரே டைரியை எடுத்துக்கொண்டு போய் எதிரில் அமர்ந்தார். இன்றைக்கு என்னவெல்லாம் நினைத்தாய், அப்படியே சொல், அப்படியே எழுதுகிறேன் என்றார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எழுந்ததும் குதிகால் வலியை நினைத்தாள். சூடை மீன் நல்லதாகக் கிடைக்குமா என்று நினைத்தாள். ஜோஸ்வின் போனில் பேசும்போது ஏன் இருமினான் என்று நினைத்தாள். பிரெசில்லாவுக்குப் போட்டுக்கொள்ள ஒரு நல்ல செருப்பு வாங்கித் தர வேண்டும் என்று நினைத்தாள். சின்ன வயதில் மாரியூர்த் திருவிழாவில் சாப்பிட்ட ஏதோ ஒரு மிட்டாயின் பெயர் வராமல் காலையெல்லாம் யோசித்தாள்.

வேதநாயகம் எல்லாவற்றையும் எழுதினார். எழுத எழுதப் பக்கம் நிறைந்துகொண்டே போனது. கடைசியில் பேனாவை மூடாமலே, "நான் எங்கனயும் வரலையா?" என்று கேட்டார்.

அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள்.

"வந்தீங்க. கூடையத் தூக்கிட்டுப் போறப்ப நடயில நின்னுக்கிட்டு இருந்தீங்க. கொஞ்சம் தள்ளி நின்னா நல்லாருக்குமேன்னு நெனச்சேன்."

அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

இப்போது மத்தியானங்களில் வேதநாயகம் கடற்கரைக்குப் போகிறார். கருவாட்டுக்குக் காவல் இருந்து காக்கையை விரட்டுவது அவர் பொறுப்பு. அதட்டுவதற்கு வேண்டிய மட்டும் காக்கைகள் இருப்பதால் குரல் பழையபடி கணீரென்று இருக்கிறது. உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலியும், தலைக்குமேல் ஒரு குடையும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். நெத்திலியைக் காயப்போடுகிற முறையை மாற்ற வேண்டும் என்று அவ்வப்போது, பக்கத்தில் கருவாடு காயப்போடும் பிரெசில்லாவிடம் சொல்கிறார். அவள் கேட்பதில்லை. டைரியை இன்னமும் எழுதுகிறாரா என்று சாமியார் ஒருமுறை விசாரித்தார். எழுதுவதாகவும், ஆனால் இப்போதெல்லாம் அதில் தன்னைப் பற்றி அதிகம் வருவதில்லை என்றும் கொஞ்சம் வருத்தமாகவே பதில் சொன்னார்.