வண்டி ஓடட்டும்

அந்த ஐப்பசி முழுவதும் எங்கள் வீட்டுக் கொல்லையில் மண்ணெண்ணெய் வாசம்தான். மழை விட்டதும் ஈர மண்வாசம் கொஞ்சம் தலைகாட்டும். அதற்குள் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, இன்னொரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயை ஊற்றி, துருப்பிடித்த எதையாவது அதில் ஊறப்போட்டுவிடுவார். சோற்றில்கூட அந்த வாசம் அடிப்பதாக அம்மா புலம்பினார். எனக்கு அது பிடித்திருந்தது. அது அடிக்கும்வரை அத்தா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அத்தா ஒரு "சபுராளி". கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிப்பவர்களுக்கு எங்கள் பக்கத்து முஸ்லிம் தெருக்களில் அதுதான் பெயர். சபுராளி ஒருவர் லீவில் வந்து இறங்கினால், கடைத்தெருவோ பள்ளிவாசலோ கல்யாண வீடோ, எங்கே போனாலும் அவரை ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பார்கள்: "எப்ப வந்தீங்க, எப்பப் பயணம்?" வந்த மனுசனை ஒரு வாய் டீ குடிக்க விட்டுவிட்டாவது இரண்டாவதைக் கேட்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வரும். அந்தத் தடவை அத்தா எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "வண்டி ஓடட்டும்."

வண்டி என்றால் கல்யாணத்துக்கு முன்பு கும்பகோணத்தில் யாரிடமோ அவர் வாங்கிய பழைய புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவர் சபர் போனபிறகு அது நெல் மூட்டைகளுக்குப் பின்னால் சாய்ந்தே கிடந்து, சீட்டை எலி தின்று, டேங்கின் கறுப்பு சிவப்பாகத் துருவேறி, கோழி அடைகாக்கும் இடமாகிவிட்டிருந்தது. அதை அவர் கொல்லைக்குத் தள்ளிவந்து, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். கழற்றியவை மாறிப்போகாமலிருக்க, அம்மாவின் இட்லித் தட்டுகளை எடுத்து, குழிக்குக் குழி நட்டும் போல்ட்டும் வாஷருமாகப் பிரித்து வைத்தார். "புருசன் ஊர்லேர்ந்து வந்தா வாய்க்கு ருசியா ஆக்கிப் போடலாம்னு பாத்தா, எனக்கு இட்லித் தட்டே இல்லாமப் பண்ணிட்டீங்களே மச்சான்" என்றார் அம்மா. தினமும் தோசைதான். அம்மா அதற்காக உண்மையில் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. பழைய புல்லட்டைச் சும்மா உதைத்துவிட முடியாது. ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்கி, அந்த இடத்தில் பிடித்து, பிறகுதான் ஓங்கி உதைக்க வேண்டும். முள்ளைப் பார்த்து "வந்துடுச்சு அத்தா!" என்று கத்துவது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்ததற்குக்கூட எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய ஒரு சாயங்காலம் வண்டி உயிர்பெற்றது. புகையைக் கக்கி, இருமி, பிறகு அத்தா கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஆள் நுழைந்து போகலாம்போல இடைவெளி விட்டு, நிதானமாக அடித்தது. எதிர்வீட்டார் வந்து எட்டிப் பார்த்து, "அப்பப் பயணம்தான்!" என்று சிரித்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் வண்டி மக்கர் செய்தது. கிளம்பினாலும் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல டக்டக்கென்றது. "ஐப்பசி ஈரம், பாயிண்ட் ஒத்துக்கல" என்றார் அத்தா. இன்ஜினில் நெருப்புப் பொறி விழும் நேரத்தைத் திருகி வைக்கும் இடம்தான் பாயிண்ட். பகலெல்லாம் சரிசெய்வார், சாயங்காலம் ஒழுங்காக அடிக்கும், விடிந்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அவர் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் நேராக வண்டியருகே போய்க் குந்துவதை நான் பாயில் படுத்தபடியே பார்ப்பேன். ஆசைப்பட்ட வண்டி, அழகு பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா ரைஸ்மில்காரர் மகள். ஆயில் இன்ஜின் சத்தத்தில் தூங்கி, ஆயில் இன்ஜின் சத்தத்தில் எழுந்து வளர்ந்தவர். வண்டியின் கோளாறு முதல்நாள் காலையிலேயே அவருக்குக் காதில் விழுந்துவிட்டது என்று பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்போது வாயைத் திறக்கவில்லை. அத்தா சபரில் வேலை பார்த்த இடத்து முதலாளி, எப்போது திரும்புவார் என்று எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தாவும் "வண்டி ஓடட்டும்" என்றே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அது ஓடாமல் கிடந்தால் யாருக்கு நட்டம்?

பிறகு ஒருநாள் காலை, முள் நடுவுக்கு வந்ததும் நான் கத்த, அத்தா உதைக்க, கிக்கர் அதே வேகத்தில் திரும்பி அவர் காலை உதைத்தது. அவர் செம்பருத்திச் செடியில் போய் விழுந்தார். கணுக்காலுக்கு மேலே கிழிந்து இரத்தம். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"அடி முந்துது மச்சான்! பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்குள்ள வெடிக்குது! எங்க மில்லு இன்ஜின் இப்புடித்தான் அடிச்சு ஒரு ஆளு கைய ஒடிச்சுச்சு. பாயிண்ட்டப் பின்னால தள்ளி வைங்க!"

அத்தா தரையில் கிடந்தபடியே அம்மாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே திருப்புளியை எடுத்தார். அதற்குப்பிறகு வண்டி ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. எங்களிருவரையும் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் கடற்கரைக்கு ஒரு தடவை போய்வந்தார். அடுத்த வாரம் பயணம். கால் வீக்கம் வற்றாததால் செருப்புதான் போட்டுக்கொண்டு போனார். பிறகு லீவில் வருவார், போவார். நான் வளர்ந்து கல்யாணமாகிப் போனதையும் அப்படியொரு லீவில்தான் பார்த்தார்.

இப்போது அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். தெருவில் யாரும் அவரிடம் பயணம் எப்போது என்று கேட்பதில்லை. ஊரில் இப்போது மண்ணெண்ணெய் கிடைக்காததால் வண்டியைப் பெட்ரோலில் துடைக்கிறார். போன மாதம் நான் போயிருந்தபோது, பாயிண்ட் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஏதோ கடைக்குப் போய்வந்த சேதி சொல்வதுபோலச் சொன்னார்:

"இந்தத் திருக அப்ப தெனம் காலைல நாந்தாம்மா முன்னால தள்ளி வப்பேன். அன்னிக்குக் கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "தெரிஞ்சேவா?"

"தெரியாமலா? நீ வந்து பாயிண்ட்டச் சரியா வைக்கச் சொன்னியா, சரி, இவளே நம்மளப் போகச் சொல்றான்னு நெனச்சுக்கிட்டேன்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அடப்பாவி மனுசா! ஒங்க காலு போயிடப் போவுதேன்னுல்ல கத்துனேன். போகச் சொல்லியா கத்துனேன்?"

அத்தா திருப்புளியை இட்லித் தட்டில் வைத்துவிட்டு, கணுக்காலுக்கு மேலிருந்த அந்தப் பழைய தழும்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.