ஃபைல் அக்காவின் நொடிக் கணக்கு

கையில் இருப்பதைக் கீழே போட்டால் ஊரில் எல்லோருக்கும் திட்டுதான் விழும். ஃபைல் அக்காவுக்கு மட்டும் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையின் அலுவலக உதவியாளர். துறையின் பேராசிரியை தன் ஆராய்ச்சிக்கு அவரைத்தான் பிடித்துப் போட்டார். இரண்டாம் மாடி நடைவழியில் ஒரு கட்டு ஃபைலைச் சுமந்து வந்து, குடிநீர்க் குழாய் அருகே தவறவிட வேண்டும். சில நாள் வாயைத் திறக்காமல், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பொறுக்க வேண்டும். சில நாள் "கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்" என்று கேட்க வேண்டும். கதவு மறைவில் ஆராய்ச்சி மாணவி கடிகாரத்தோடு நின்று, உதவி வர எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்வாள். அதற்கு முன்பே, உதவி வருமா வராதா என்ற தன் ஊகத்தை அக்கா படிவத்தில் எழுதிவிட வேண்டும்.

அக்கா தினமும் "வராது" என்றே எழுதினார். கேட்ட நாளில் எல்லாம் ஆட்கள் ஓடி வந்து பொறுக்கினார்கள். மறுநாளும் அக்கா "வராது" என்றுதான் எழுதினார்.

"கேட்டா பத்துல ஒம்பது பேர் வர்றாங்களே அக்கா! இன்னும் ஏன் நம்ப மாட்டேங்கிறீங்க?" என்றாள் மாணவி.

"அதெல்லாம் வெளி ஆளுங்க பாப்பா. எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு. இடியே விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாரு."

அந்த ஒருத்தர் அக்காவின் கணவர், தையல்காரர். வீட்டின் முன்னறையில், சமையலறைக்கு முதுகைக் காட்டியபடி மிஷினில் உட்கார்ந்திருப்பார். ஒரு மாலை அக்கா சோதித்துப் பார்த்தார். நான்கு டம்ளரைக் கீழே போட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினார். நாற்பது நொடி.

"என்ன விழுந்துச்சு?"

"டம்ளர்."

"ம்." மிஷின் மறுபடி ஓடியது.

மறுநாள் தட்டு. அதற்கு மறுநாள் வாளி. மேல்வீட்டுக்காரர்தான் இரண்டு முறை கதவைத் தட்டி, எல்லாம் நலமா என்று விசாரித்துவிட்டுப் போனார். அக்காவுக்கு மனசு வலித்தது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்துக்கு இதுதானா மரியாதை? வாயைத் திறந்து கேட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் கேட்டும் அவர் எழுந்து வரவில்லை என்றால்? கேட்காதவரை, பாவம் அவருக்குத் தெரியவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். கேட்டபின் அதற்கும் வழியில்லை.

அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை, குழாயடியில் தேங்கிய நீரில் அக்கா உண்மையாகவே வழுக்கி விழுந்தார்.

புலி வருது கதைதான். விஷயம் தெரிந்த துறைக் குமாஸ்தா, ஆராய்ச்சி கெட்டுவிடக் கூடாதென்று பக்குவமாக ஒதுங்கிப் போனார். "இன்னைக்கு நடிப்பு பிரமாதம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பேராசிரியை கடந்து போனார். மாணவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் கூத்து என்னவென்றால், அன்று பேசாத நாள் என்பதால் அக்காவும் விதிப்படி இரண்டு நிமிஷம் வாயைத் திறக்காமலே கிடந்தார்! கணுக்கால் சுரீர் என்று இழுத்தபின்தான் கத்தினார்.

"ஏய் பாப்பா, கடிகாரத்தை வெச்சுட்டு வா! நிஜமாவே விழுந்துட்டேன்!"

ஆறு பேர் ஓடி வந்தார்கள். அதில் இருவர் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள்.

காலில் கட்டோடு அக்கா வீடு வந்தபோது கணவர் குனிந்து ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அக்கா சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனார். எடுத்த டம்ளர் கை நழுவி உருண்டது. கால் இருந்த நிலையில் குனிய முடியாது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஏங்க... கொஞ்சம் வந்து எடுத்துக் குடுங்களேன்."

ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணைத் திறந்தபோது கழுத்தில் அளவு நாடாவோடு அவர் எதிரே நின்றார்.

"ஐயையோ, கால்ல என்ன கட்டு? வந்ததும் கூப்பிடக் கூடாதா?"

"தினமும்தான் எல்லாத்தையும் போட்டு உடைக்கிறேன். நீங்க என்னைக்கு வந்தீங்க?"

"நீதானே கல்யாணமான புதுசுல, 'அடுப்படிப் பக்கமே வராதீங்க, எல்லாம் நான் பார்த்துக்கறேன்'னு விரட்டின? நானா வந்தா திட்டுவியேன்னு பயந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வாயைத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஃபைல், படிவம், நொடி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவரிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் அக்கா விடுப்பில் கட்டிலில் படுத்திருந்தார். முன்னறையில் அவர் ஊசியோடு மல்லுக்கட்டும் முணுமுணுப்பு கேட்டது. பார்வை மங்கி இரண்டு வருஷமாக இதே பாடுதான். கூப்பிட்டால் போகலாம் என்று அக்காவும் இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார். முணுமுணுப்பு நின்றது.

"ஏம்மா... இந்த ஊசியில கொஞ்சம் நூல் கோத்துக் குடேன்."

அக்கா விருட்டென்று எழுந்து, சுவரைப் பிடித்து, நொண்டிக்கொண்டே போய் நின்றார். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு நொடி," என்று ஊசியை நீட்டினார். "கால் சரியாகட்டும், இன்னும் சீக்கிரம் வரணும்."