தேவமணி தெருவைக் கடந்த நாள்

சாயர்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, மூன்று வயது மகள் ஆன்லினைத் தூக்கிக்கொண்டு தேவமணி களக்காட்டுக்கு வந்து இறங்கியபோது அவளுடைய இடது மணிக்கட்டு இன்னும் சரியாகக் கூடியிருக்கவில்லை. முறித்தவன் அவள் புருஷன் தானியேல், லாரி ஓட்டுகிறவன். கை முறிந்தபோது பொறுத்துக்கொண்டாள். அடுத்து அவன் அவள் கழுத்தைப் பிடித்தான். அன்றுதான் கிளம்பினாள்.

களக்காட்டில் கமர் நிஷா என்பவள் தன் வீட்டின் பின்கட்டை அவளுக்கு வாடகைக்கு விட்டாள். கமர் நிஷாவின் கணவர் வாழைத்தார் வியாபாரி. தேவமணி உண்மையைச் சொன்னது கமர் நிஷாவிடம் மட்டும்தான். ஊருக்கு அவள், புருஷன் பம்பாயில் வேலை பார்க்கும் ஜாக்கெட் தைக்கிற அக்கா. மணிக்கட்டு மடங்காவிட்டாலும் தையல் சுத்தமாக இருக்கும். நான்கு வருஷம் ஒரு தொந்தரவுமில்லாமல் போயிற்று. பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ராத்திரி கதவு தட்டும் சத்தம் கேட்டால் பதறுவதைக்கூடத் தேவமணி மறந்துவிட்டிருந்தாள்.

தொண்ணூற்றாறாம் வருஷத் தேரோட்டத்தின்போதுதான் கொம்பையா அந்தக் கேமராவை வைத்தான். ஊரில் கேபிள் டிவி நடத்துகிறவன் அவன். கல்யாண வீட்டில் படம் பிடிக்கும் கேமரா ஒன்றை, பஸ் ஸ்டாண்டு முக்கில் இருந்த மருந்துக்கடை மாடி ஜன்னலில் கட்டி, தேர் வருவதை வீட்டுக்கு வீடு நேரடியாகக் காட்டினான். தேர் நிலைக்கு வந்த பிறகும் ஜனங்கள் அந்தச் சேனலை மாற்றவில்லை. தெரிந்த முகங்கள் டிவியில் நடந்து போவது அவர்களுக்கு அலுக்கவே இல்லை. அதைப் பார்த்துவிட்டுக் கொம்பையா கேமராவை அங்கேயே விட்டுவைத்தான். படத்தில் சத்தம் கிடையாது என்பதால் மேலே சினிமாப் பாட்டு ஓடவிட்டான்.

முதலில் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. பிறகு பேச்சு மாறியது. யார் சாராயக் கடைச் சந்துக்குள் நுழைந்தான், எந்த வீட்டுப் பெண் யாரோடு பஸ் ஏறினாள் என்று தெருவில் விசாரணை நடந்தது. துணி கொண்டுவருகிறவர்கள் தேவமணியிடமே சொன்னார்கள்: “நேத்து சாயங்காலம் பிள்ளைக்கு முறுக்கு வாங்கிக் குடுத்திய, பாத்தோம்லா.”

அதைக் கேட்டதிலிருந்து வழியில் முறுக்கு வாங்க நிற்பதை விட்டுவிட்டாள். கடைசியில் கொம்பையாவையே போய்ப் பார்த்தாள்.

“தம்பி, அந்தக் கேமராவக் கொஞ்சம் கோவில் பக்கமாத் திருப்பி வைக்கக் கூடாதா?”

“ஏன்க்கா?”

“எனக்குப் பிடிக்கல. போறப்ப வாறப்ப எல்லாரும் பாக்குதாவ.”

கொம்பையா சிரித்தான். “ரோட்டுல போனா எல்லாரும் பாக்கத்தான செய்வாவ? நீங்க என்ன களவாண்டியளா, பயப்படுததுக்கு? இப்ப ஏர்வாடி வரைக்கும் லைன் இழுத்துருக்கேன். அங்க உள்ளவன்கூட நம்ம ஊரத்தான் பாக்கான்.”

அவள் திரும்பி வந்துவிட்டாள். மேற்கொண்டு பேசினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அதையும் கவனித்து, “என்ன, தலைவலியா?” என்று கேட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து, கமர் நிஷாவின் கூடத்தில் அவளுக்கு ஜாக்கெட் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். மூலையில் டிவியில் கொம்பையாவின் சேனல் ஓடியது. ஏதோ காதல் பாட்டு. டீக்கடை முன்னால் ஒருவன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். காக்கிச் சட்டை, ஒரு தோள் மட்டும் சற்றுத் தாழ்ந்த நிற்பு. தேவமணி இஞ்ச் டேப்பை விட்டுவிட்டு டிவியின் பக்கத்தில் போனாள்.

“யக்கா, அவன் வந்துட்டான்.”

கமர் நிஷாவுக்குச் சட்டென்று புரியவில்லை. திரையில் தானியேல் திரும்பினான். டீக்கடைக்காரர் அவனிடம் கையை நீட்டிப் பள்ளிக்கூடம் இருக்கும் திசையைக் காட்டினார். அவன் தலையாட்டிவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தான்.

என்ன பேச்சு நடந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஏர்வாடியில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் லாரியை நிறுத்தியவன், சுவரில் இருந்த டிவியில் பெண்டாட்டியும் பிள்ளையும் கைகோத்து நடப்பதைப் பார்த்திருக்கிறான். அடுத்தடுத்த நாட்களும் அதே கடைக்கு வந்து பார்த்திருக்கிறான். பள்ளிக்கூடம் விடும் நேரம் வரைக்கும் அவனுக்குத் தெரிந்திருந்தது. டீக்கடைக்காரரிடம் அவன் கேட்டதே, “பிள்ளையக் கூட்டிட்டுப் போறவ இங்கனதான வருவா?” என்றுதான்.

“நீ இங்கயே இரு. நான் போய் பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்” என்றாள் கமர் நிஷா.

“நான் வராம வாத்தியார் பிள்ளைய யாரு கூடயும் விடமாட்டாரு. நான்தான் அப்படிச் சொல்லி வச்சிருக்கேன். அதுமில்லாம பிள்ளையோட திரும்பி இந்த முக்கு வழியா வர முடியாதுக்கா.”

கமர் நிஷா பீரோவைத் திறந்து, வெளியே போகும்போது உடம்பு மூடப் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டிகள் இரண்டை எடுத்தாள். ஒன்றைத் தேவமணியின் தலைமேல் போர்த்தி, முகம் தெரியாதபடி முன்னால் இழுத்துவிட்டாள்.

“கையை உள்ள வச்சுக்க. பைய நட. என்ன கேட்டாலும் நான் பேசிக்கிடுதேன்.”

முக்கைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். வெயில் சுள்ளென்று அடித்தது. தேவமணிக்குத் தன் கால் பெருவிரலும் தார் ரோடும் மட்டுமே தெரிந்தன. பீடி நாற்றம் வந்தது. டீக்கடை நெருங்கிவிட்டது என்று அறிந்தாள்.

“என்ன லாத்தா, இந்த வெயில்ல?” கமர் நிஷாவை எப்போதும் அப்படிக் கூப்பிடும் டீக்கடைக்காரரின் குரல்.

“மாமிக்கு ஒடம்பு சொகமில்ல. ஆசுபத்திரிக்குப் போறோம்” என்றாள் கமர் நிஷா.

பெஞ்சு கிறீச்சிட்டது. தானியேல் எழுந்தானா, வெறுமனே திரும்பி உட்கார்ந்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே ஜன்னலில் கேமரா, பக்கத்தில் அவன். இரண்டு பார்வைக்கும் நடுவில் அந்தத் துணி ஒன்றுதான் இருந்தது. ஓட வேண்டும் என்று கால் துடித்தது. கமர் நிஷா அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்து, மெதுவாகவே நடத்திக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆன்லினைக் கூட்டிக்கொண்டு, கால்வாய்க் கரை வழியாக வாழைத்தோப்புக்குப் போனார்கள். அங்கே கமர் நிஷாவின் கணவர் கேரளாவுக்குப் போகும் லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், “ஏறும்மா” என்று மட்டும் சொன்னார். கமர் நிஷா ஏறவில்லை. தேவமணி துப்பட்டியைக் கழற்றிக் கொடுக்கப் போனாள். “இருக்கட்டும், போட்டுக்க” என்று கமர் நிஷா தடுத்துவிட்டாள்.

தானியேல் அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டியைத் தேடி வந்தவன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. வீடுகளில் உட்கார்ந்து ஜனங்கள் அவன் காத்திருப்பதைப் பார்த்தார்கள். இன்றைக்குச் சட்டை மாற்றியிருக்கிறான், இன்றைக்குக் குடித்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். “பாவம்வே” என்றவர்களும் உண்டு. ஒருவரும் எழுந்துபோய் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் வீட்டை விசாரித்து வந்து, பின்கட்டுக் கதவை உடைத்து, தையல் மிஷினைத் தெருவில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

கொம்பையா கமர் நிஷாவிடம் வந்து, “நான் படந்தான லாத்தா காட்டுனேன்?” என்றான். அவள் தெருவில் கிடந்த மிஷினை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவன் கேமராவை இறக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, கமர் நிஷா தென்காசி தாண்டி ஒரு ஊரில் தேவமணியைப் போய்ப் பார்த்தாள். ஊர்ப் பெயரை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகும் கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. ஜன்னல்களில் கனத்த துணி தொங்கியது. தேவமணி இளைத்திருந்தாள். கடைத்தெருவுக்குப் போவதே இல்லை என்றாள்.

“அவன் எங்க இருக்கான்னு தெரியாதுக்கா. அதுகூடப் பரவாயில்ல. யாரு யாரு என்னப் பாக்குதாவன்னு தெரியல. அதுதான் தாங்க முடியல.”

ஆன்லின் வளர்ந்திருந்தாள். அம்மா காபி போட அடுப்படிக்குப் போனதும் கமர் நிஷாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பெரியம்மா, எங்க வகுப்புல எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்தாவ. அம்மா என்ன நிக்கக் கூடாதுன்னுட்டா. நான் மட்டும் உள்ள பெஞ்சுலயே இருந்தேன். அந்தப் போட்டோவுல நான் இல்ல.”

கமர் நிஷா அவள் தலையைத் தடவினாள்.