சுழலாத குமிழ்

வரக்காப்பொலைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் புறப்பட்ட என் மனைவி, தன் அப்பாவின் பழைய பிலிம் கேமராவை என்னிடம் நீட்டினாள்.

“போன்ல வேணாங்க. இதுல எடுத்துக் கழுவி வைங்க. லீவுல வந்து பார்க்கிறேன்.”

கொழும்பிலிருந்து வரவழைத்த, முப்பத்தாறு படம் எடுக்கும் ஒரே ஒரு ரோல்தான் இருந்தது. சிரட்டையில் ஒட்டிய பாலைக்கூட வழித்தெடுத்துப் பழகிய கை என்னுடையது. பிலிமின் தொடக்கப் பகுதி வீணாகக் கூடாதென்று, கேமராவுக்குள் அதைச் சுற்றிக்கொள்ளும் உருளையின் பிளவில் நுனியை மட்டும் செருகி மூடினேன். எங்கள் லயத்து வீட்டு வாசலில், கோயிலடியில், பஸ் ஏறும்போது என்று அவளை எடுத்துத் தள்ளினேன்.

அவள் போன பிறகு பார்த்தால், முப்பத்தாறு படம் தாண்டியும் பிலிமை நகர்த்தும் நெம்புகோல் தடையில்லாமல் நகர்ந்தது. பயந்துபோய், வெளிச்சம் படாமல் போர்வைக்குள் வைத்துத் திறந்து தடவினேன். நுனி பிளவிலிருந்து கழன்று கிடந்தது. பிலிம் ஓடவே இல்லை. ஒரு படம்கூடப் பதியவில்லை.

அன்று போனில், “படம் எப்படி வந்திருக்குங்க?” என்றாள்.

“நல்லா சிரிச்சிருக்க” என்றேன். வேறென்ன சொல்ல?

அதே ரோலைத் திரும்பப் போட்டேன். இம்முறை நுனியைத் தாராளமாக இழுத்துச் செருகி, பிலிம் பிடித்துச் சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடினேன். நெம்புகோலைத் தள்ளும்போது கேமராவின் இடப்பக்கக் குமிழும் கூடவே சுழல வேண்டும்; சுழன்றால்தான் பிலிம் ஓடுகிறது. இப்போது அதைக் கவனிக்காமல் நான் படம் எடுப்பதில்லை.

குமிழ் நன்றாகவே சுழல்கிறது. வாசலில் நிற்கத்தான் ஆளில்லை.