மாப்பிள்ளை நட்ட தூண்கள்

"மேல ஏறுங்க! யம்மா, உங்களத்தான், மேல ஏறுங்க!"

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துகிறார். கத்திவிட்டு மறுபடி ஊதுகிறார். நடைமேடையை விட்டிறங்கிப் பேருந்து திரும்பும் பாதையில் நிற்கிற கூட்டம் ஓரடி நகர்கிறது. அவர் முதுகைக் காட்டியதும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. பேருந்து நிலைய மேற்பார்வையாளருக்குப் பொழுது விடிந்தால் இதுதான் பிழைப்பு. ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'மேல ஏறு'.

கூட்டத்தையும் சொல்லிக் குற்றமில்லை. புது நிலையம் பார்வைக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நடைமேடையின் விளிம்பிலும், ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் ஒரு தூண். இருக்கையில் உட்கார்ந்தால் வருகிற பேருந்தும் தெரியாது, அதன் ஊர்ப்பலகையும் தெரியாது, தூண் தெரியும். கூரையோ அண்ணாந்து பார்க்கிற உயரம். மழை சாய்வாக உள்ளே வந்து பயணிகளுக்கு முன்னால் இடம் பிடித்துக்கொள்கிறது. துப்புரவுப் பெண்களோடு அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் தள்ளுகிறார்.

"எந்தப் புண்ணியவான் சார் இதக் கட்டுனது?" என்று யாராவது கேட்டால் அவருக்கு உடனே மூக்குக்கண்ணாடி துடைக்கிற வேலை வந்துவிடும். வரைபடம் போட்ட புண்ணியவான் அவருடைய ஒரே மகளின் கணவர்.

வேறு எவனாவது என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார். மாப்பிள்ளையை எப்படிக் கேட்பது? அவர் வீட்டுக்கு வந்தால் எழுந்து நின்று மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைக்கிற மனிதர் இவர். ஒருமுறை சுற்றி வளைத்து ஆரம்பித்தார். "தூணு கொஞ்சம் பெருசோ, மாப்ளே?"

"கம்பீரமா இருக்குல்ல மாமா?"

"ரொம்ப" என்று முடித்துக்கொண்டார். சமையலறை வாசலிலிருந்து மகள் பார்த்த பார்வை அப்படி.

போன வாரம் கீழே இறங்கி நின்ற ஒரு தையல்காரப் பெண்ணைப் பேருந்தின் பக்கக் கண்ணாடி இடித்துத் தள்ளியது. தோள்பட்டை எலும்பு போய்விட்டது. அடுத்தது உயிராகவே இருக்கும் என்ற பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "நாந்தான் ஊதிக்கிட்டே இருக்கேனே!" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"ஊதுனா தூணு சாயுமா? சொல்ல வேண்டிய ஆள்கிட்ட சொல்லுங்க."

"நீ சொல்லேன். உனக்கும் மாப்பிள்ளதான?"

அந்த அம்மாளுக்கும் உடனே அடுப்படியில் வேலை வந்துவிட்டது.

நேற்று, கார் பழுதென்று மாப்பிள்ளையே பேருந்து ஏற வந்தார். மாமாவுக்குக் கையசைத்துவிட்டு நடைமேடையில் நின்றார். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். சலித்துப்போய்க் கீழே இறங்கினார். தூணுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பேருந்து வளைந்து வந்தது.

விசில் ஊத நேரமில்லை.

"டேய்! மேல ஏறுடா!"

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் மாப்பிள்ளை தூணில் வந்து மோதினார். பேருந்து விளிம்பை உரசிக்கொண்டு போனது. மாப்பிள்ளை திரும்பித் தூணை அண்ணாந்து பார்த்தார்.

"தூணு... மறைக்குது மாமா."

"மறைக்குதுங்க மாப்ளே" என்றார் மாமா. மரியாதை திரும்பிவிட்டது. காலரைப் பிடித்த கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.