சூசையின் முழங்கால்

சென்ற புதன்கிழமை காலை என் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு செய்தி வந்தது. எழுபத்திரண்டு வயதில் மாதா கோயில் வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான். யார் உதவியும் இல்லாமல் எழுத்துக் கூட்டி "சூசை" என்று வாசித்ததும் சிரிப்பே வந்துவிட்டது. அடுத்த சொல்லையும் வாசித்தேன். "காலமானார்."

எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் இருந்தவர்களுக்குச் சூசையைத் தெரியும். தேயிலைச் சரிவில் கொழுந்து மூட்டையோடு ஆடு மாதிரி ஏறுவான். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, இதன்படி செய்யச் சொல்லி அனுப்பினார்கள். அதை நேராக என்னிடம் கொண்டுவந்தான். நான் கங்காணி, ஆட்களை வேலை வாங்குபவன், கையெழுத்துப் போடுவேன். அதனால் எனக்குப் படிக்கத் தெரியும் என்று லைனே நம்பியது. இல்லையென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

படத்தில் ஒருவன் காலை நீட்டிப் படுத்திருந்தான். "காலு நேரா இருக்கு பாரு. மடக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றேன். மூங்கில் பிளாச்சு வைத்து நானே கட்டினேன். இரண்டு மாதம் அப்படியே கிடந்தான்.

கட்டை அவிழ்த்தபோது தொடை சூம்பியிருந்தது. முழங்கால் மடங்கவும் இல்லை, அவனைத் தாங்கவும் இல்லை. சரிவில் ஏற முடியாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லைன் வீடும் இல்லை. பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் இருந்த மகளிடம் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வந்து என் பக்கத்தில் நின்று முனகுவான்: "எல்லாரும் முட்டி போடுறாங்க, நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறேன். பாதர் என்னயவே பாக்குறார்லா."

அடக்கம் முடிந்ததும் மகள் ரீத்தா அவனுடைய பைபிளை என் கையில் கொடுத்தாள். உள்ளே அந்தத் தாள். விரல் வைத்து வாசித்தேன். தொடையின் முன்தசை இறுகினால் முழங்கால் நீளும், பின்தசை இறுகினால் மடங்கும். உழைக்காத தசை மெலிந்துபோகும். ஆகவே காலை நீட்டி உயர்த்தி, பத்து எண்ணி, இறக்கவும். பிறகு மெல்ல மடக்கவும். தினமும் மூன்று வேளை. ஒரு சொல்லிலும் நான் தடுமாறவில்லை. அவ்வளவு நன்றாக அதுவரை நான் எதையும் வாசித்ததில்லை.

"உங்கப்பன் காலக் கெடுத்தது நான்தாம்மா."

"தெரியும் மாமா. அப்பா இங்க வந்த வாரமே நான் படிச்சுக் காட்டிட்டேன். செஞ்சு பாத்தோம், ஆனா ரொம்ப லேட்டாயிருச்சு. கங்காணிகிட்ட சொல்லாதே, மனசு ஒடஞ்சிருவான்னுட்டாரு."

அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிறு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கோயில் படி இறங்கினான். ஒருமுறையாவது திட்டியிருக்கலாம். அவன் சொல்லாமல் விட்டதுதான் என்னிடம் இருக்கிறது. திட்டு என்றால் நாலு நாளில் மறந்திருப்பேன்.